முறிந்த ஸ்டட்: ஈஸி அவுட்டா, நட்டு வெல்டிங்கா?

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஓடும் பழைய பைக்குகளுக்கு உப்புக்காற்று தனி எதிரி. சைலன்சரை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துருவேறி இறுகிவிடும். ஸ்பேனரில் கொஞ்சம் அழுத்தினால் 'டக்', முறிந்தது.

முறிந்த துண்டைத் திருகி வெளியே எடுக்கும் கருவிதான் ஈஸி அவுட். மலிவு, கையிலேயே செய்யலாம். ஸ்டட்டின் நடுவில் பஞ்ச் அடித்து, 8 எம்எம் ஸ்டட் என்றால் சுமார் 4 எம்எம் துளை போட்டு, இடப்புரி உள்ள ஈஸி அவுட்டை இறக்கித் திருப்ப வேண்டும். கேட்க சுலபம்தான். ஆனால் துளை நடுவை விட்டு விலகினால் ஹெட்டின் மரை போச்சு. அதைவிடக் கொடுமை, ஈஸி அவுட்டே உள்ளே உடைவது. அது கடினமாக்கிய எஃகு. சாதாரண டிரில் பிட் அதைத் தொடவே தொடாது. துருவால் முறிந்த ஸ்டட்டுக்கு இதை நான் நம்புவதில்லை. அதிகமாக முடுக்கியதால் முறிந்தது என்றால் சரி, பெரும்பாலும் வந்துவிடும்.

முறிந்த இடத்தில் நட்டை வைத்து, அதன் துளைக்குள் ஸ்டட்டோடு சேர வெல்டிங் அடிப்பது இன்னொரு வழி. சூட்டில் துருவின் பிடி விடும். இரும்புக்கு அடிக்கும் வெல்டிங் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது என்பது கூடுதல் வசதி. சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தால் கிரீச்சென்று நகரும். நட்டு பிய்ந்தால் இன்னொன்று வைக்கலாம், நஷ்டமில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கைத் தூரமாக வைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

ஸ்டட் ஆழத்தில் முறிந்திருந்தால் வெல்டிங்கை உள்ளே கொண்டுபோவது கஷ்டம். அப்புறம் லேத் பட்டறைதான்.