மிலிட்டரி டிஸ்போசல் ஜெனரேட்டரா? பல்பு எரிவதைப் பார்த்து காசு கொடுத்துவிடாதீர்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையைப் புரட்டிப் போட்டது பலருக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். எங்கள் ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர நான்கு நாள் ஆனது. அம்மாவின் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் டப்பாவோடு மிதக்கவிட்டுக் காப்பாற்றினோம். இன்வெர்ட்டர் முதல் நாள் ராத்திரியே படுத்துவிட்டது. அடுத்த மழைக்குள் எப்படியாவது ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மச்சான்தான் தகவல் சொன்னார். கிருஷ்ணகிரி பக்கம் ஹைவே ஓரமாக ஒரு யார்டில் மிலிட்டரி டிஸ்போசல் செட்டுகள், அதாவது ராணுவம் கழித்துவிட்ட ஜெனரேட்டர்கள், வந்திருக்கின்றன, புது செட் விலையில் பாதிகூட ஆகாது என்றார். யார்டின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போனோம். பச்சை பெயின்ட் பளபளவென்று நான்கு செட். "ஆர்மி மால் சார், நாள் கணக்கா ஓடினாலும் சூடாகாது. 10 கேவிஏ. ஏசி, மோட்டார் எல்லாம் தூக்கும்" என்றார் கடைக்காரர். சுவிட்சைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பத்து 100 வாட் குண்டு பல்புகளை ஒரு பலகையில் மாட்டி வைத்திருந்தார். பத்தும் எரிந்தன. வோல்ட் மீட்டர் 200 காட்டியது. "கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றேன். "ஏவிஆரைத் திருப்பினா ஏறிடும் சார், அது ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். வோல்ட்டைச் சரிசெய்யும் பகுதியைத்தான் ஏவிஆர் என்கிறார்கள். அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். 85,000 ரூபாய் பேசி, ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆர்மி ஏலத்தில் எடுத்த பேப்பர் கேட்டதற்கு, "அது ஆபீஸ்ல இருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

டாட்டா ஏஸில் செட்டோடு வந்த பையன் செய்ய இருந்ததையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு ஒயரைக் கொண்டுவந்து, மெயினை ஆஃப் செய்துவிட்டு இதை ஏதாவது பவர் சாக்கெட்டில் குத்தினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும் என்றான். பக்கத்து வீட்டு அண்ணன் லைன்மேன். அவர் ஓடிவந்து அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டார். மெயினை ஆஃப் செய்ய ஒருநாள் மறந்தால் போதும், நம் வீட்டுக் கரண்ட் பின்பக்கமாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய், ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனில் ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மேலே வேலை செய்கிறவர் அங்கேயே முடிந்துவிடுவார். லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் எந்த ஜெனரேட்டரையும் வீட்டு லைனில் சேர்க்காதீர்கள். தயவுசெய்து.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து சேஞ்ச் ஓவர் மாட்டினார். செட்டை ஓட்டினோம். எல்இடி லைட்டுகள் எரிந்தன, டிவி ஓடியது, மொபைல் சார்ஜ் ஏறியது. ஆனால் சாமி ரூமில் இருந்த இரண்டு சீரோ வாட் எல்இடி பல்புகளும் பட் பட்டென்று போய்விட்டன. ஃபேன் முனகிக்கொண்டு நகர மறுத்தது. இன்வெர்ட்டர் சார்ஜ் எடுக்கவே இல்லை. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் உறுமியது, ஓடவில்லை. எதற்காக வாங்கினேனோ அந்த ஃப்ரிட்ஜே ஓடவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு அடியில் வண்டு ரீங்காரம் போல ஒரு கூர்மையான ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்தார். கரண்ட் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாக மாறுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். 398 என்று காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை வாங்கிவந்து பார்த்தோம். அதுவும் அதையேதான் சொன்னது.

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விமானங்களுக்கும் சில ராணுவ ரேடார் கருவிகளுக்கும் 400 ஹெர்ட்ஸ் கரண்ட் கொடுக்கிறார்கள். ஹெர்ட்ஸ் கூடக் கூட மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சின்னதாக, எடை குறைவாகச் செய்யலாம் என்பதுதான் காரணம். அந்த வேலைக்குச் செய்த செட்டைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதன் வழக்கமான அளவு 115/200 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 115, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 200. கடைக்காரர் இரண்டு ஃபேஸுக்கு நடுவே பல்புகளை மாட்டிக் காட்டியிருக்கிறார். குண்டு பல்புக்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையே இல்லை. கம்பி சூடானால் எரியும். ஃபேன், ஃப்ரிட்ஜ், போர்வெல் மோட்டார் அப்படி இல்லை. ஹெர்ட்ஸ் எட்டு மடங்கு ஆனால் காயிலின் தடையும் எட்டு மடங்கு ஏறும். சுற்றத் தேவையான கரண்ட் உள்ளே போகாது. சீரோ வாட் பல்பில் நடந்தது இதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் சின்ன கண்டன்சர் எட்டு மடங்கு கரண்டை விட்டு எரித்துவிட்டது.

இன்ஜின் ஸ்பீடைக் குறைத்தால் 50க்கு வராதா என்று கேட்டேன். கிருஷ்ணகிரியில் ஒரு வைண்டிங் கடைக்காரர் கரண்ட் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். 24 போல், அதாவது 24 காந்த முனை. நாம் பார்க்கிற செட்டுகளில் பெரும்பாலும் நாலு போல்தான், 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) 50 ஹெர்ட்ஸ் வரும். என்னுடையது 2000 ஆர்பிஎம்மில் 400 கொடுக்கிறது. 50க்கு இறக்க வேண்டுமானால் 250 ஆர்பிஎம்மில் ஓட்ட வேண்டும். இந்த டீசல் இன்ஜின் அந்த வேகத்தில் நின்றுவிடும். அவர் ஆல்டர்னேட்டரின் பக்கவாட்டில் பச்சை பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் பழைய பிளேட். அதில் 400 என்று தெளிவாக இருந்தது. முன்பக்கம் "10 கேவிஏ 230 வோல்ட்" என்று ஸ்க்ரூவில் மாட்டியிருந்தது புதுப் பிளேட். தெரியாமல் நடந்த தவறு என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். "மிலிட்டரி மாலுக்கு ரிட்டர்ன் கிடையாது. ஓட்டிக் காட்டித்தானே கொடுத்தேன்?" என்றார். வேண்டுமானால் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

இன்ஜின் நல்ல இன்ஜின். அதனால் நாலு போல் ஆல்டர்னேட்டர் புதிதாக வாங்கி, லேத்தில் கப்ளிங் பிளேட் கடைந்து மாட்டி, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை 1500க்கு இறக்கியிருக்கிறேன். ஸ்பீட் குறைந்ததால் இன்ஜின் கொடுக்கும் சக்தியும் ஏறக்குறைய முக்கால்வாசிதான். டேங்கைக் கழற்றினால் அடியில் கறுப்புச் சகதி. ஃபில்டர், நாசில் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. செல்ஃப் ஸ்டார்ட் 24 வோல்ட் என்பதால் பேட்டரியும் இரண்டு. மொத்தம் ஒரு லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் கையில் ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் இல்லாமல் போகாதீர்கள். 50க்கு ஒட்டி இருக்க வேண்டும், லோடு போட்டாலும் பெரிதாக விழக்கூடாது. முடிந்தால் ஒரு சின்ன மோட்டாரையும் எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள். போனவுடன் இன்ஜின் பிளாக்கைத் தொடுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். ராணுவத்தின் கழிவுப் பொருட்கள் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக ஆன்லைன் ஏலத்துக்கு வருகின்றன. உண்மையாகவே ஏலத்தில் எடுத்தவரிடம் பேப்பர் இருக்கும். ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள்.

எனக்குப் பில் இல்லை. ஆனால் ஜிபே ரசீதும், "10 கேவிஏ, வீட்டுக்குக் கரெக்டா இருக்கும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும், அந்த இரண்டு பிளேட்டுகளின் போட்டோவும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை.

சண்டை போடப் போன அன்று மீதி மூன்று செட்டும் அங்கேயே நின்றன. பாலக்கோடு பக்கத்திலிருந்து தக்காளி விவசாயி ஒருவர் போர் மோட்டாருக்காக வந்து, அதே பல்புப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, ஹெர்ட்ஸ் பாக்காம காசு குடுக்காதீங்க" என்று சொல்லி என் மீட்டரை அவரிடம் நீட்டினேன். கடைக்காரர் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார்.