கழற்றிப் பூட்டும் பசு: ஒரு கற்பித்தல் மாதிரி பற்றி

கிளிநொச்சியில் பட்டி வைத்திருப்போருக்கு நடத்தும் வகுப்புகளுக்கென, கழற்றிப் பூட்டக்கூடிய பசுவின் உடலமைப்பு மாதிரியொன்றைக் கடந்த ஆண்டு வாங்கினேன். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் உண்மையான உடலை அறுத்துப் படிப்போருக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தோன்றக்கூடும். எங்கள் தேவைக்குப் போதும்.

நான்கு பைகளாலான இரைப்பைப் பகுதி மிக நன்று. இடப்பக்க விலாச்சுவரைக் கழற்றியதும், வளர்ந்த பசுவில் 100 லீற்றருக்கு மேல் கொள்ளும் முதற்பை வயிற்றின் இடப்புறத்தை நிரப்பிக் கிடப்பது தெரிகிறது. வயிறு ஊதிய மாட்டுக்குக் கால்நடை வைத்தியர் ஏன் இடது விலாப்பள்ளத்தில் குத்துகிறார் என்பதை அதன்பின் விளக்க வேண்டியதில்லை. தேன்கூடு போன்ற இரண்டாம் பைக்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் மட்டுமே இருப்பதைக் கண்ட முதியவர் ஒருவர், முள்ளுக்கம்பித் துண்டை விழுங்கிச் செத்த தன் மாட்டைச் சொல்லி, அவ்விடத்தை விரலால் அழுத்தியபடி நெடுநேரம் நின்றார்.

குறையும் உண்டு. மாட்டுக்கு மேற்தாடையில் முன்பற்கள் இல்லை, தடித்த முரசு மட்டுமே. செய்தவரோ அங்கும் பல் வரிசையொன்றை வைத்துவிட்டார். வகுப்பே சிரித்தது. மூன்றாம் பையின் ஏடுகள் வெறும் வர்ணக் கோடுகள் என்பதால், அதற்கு மட்டும் இறைச்சிக் கடையிலிருந்து உண்மையான பையை வாங்கி வந்து விரித்துக் காட்டுகிறேன். விற்றவரிடம் பல்லைப் பற்றி முறையிட்டபோது, அரத்தால் தேய்த்துவிடும்படி சொன்னார்; தேய்த்துவிட்டேன்.