அந்தமானில் பாரைத் தூண்டில்: மூன்று நாள் படகுப் பயண அனுபவம்

கடந்த பிப்ரவரியில் நானும் நண்பர்கள் இருவரும் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், மூன்று நாள்களுக்குத் தூண்டில் படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். பெரிய பாரைகளைப் பிடித்து, அளந்து, உயிருடன் கடலிலேயே திரும்ப விடும் பயணம் அது. படகோட்டியின் திறமைக்காகவும், பிடிபட்ட மீனை அவர்கள் கையாண்ட விதத்துக்காகவும் இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அவர்கள் வாடகைக்குத் தரும் ராடு (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் உருளை), லைன் (தூண்டில் நூல்) ஆகியவற்றைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

தூண்டில்காரர்கள் ஜிடி என்று அழைக்கும் ஜயன்ட் டிரெவாலிதான் பாரை இனத்திலேயே மிகப் பெரியது. ஜப்பானின் டோகாரா தீவுகளில் 2006இல் பிடிபட்ட 72.8 கிலோ மீன் இதன் உலகச் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தவை அதில் பாதி எடைகூட இல்லை. ஆனாலும் 20 கிலோ பாரை ஒன்று, நீர்ப்பரப்பில் இழுக்கும் பாப்பர் என்னும் போலி இரையைக் கவ்வியவுடன் நேராகக் கீழே கடலடிப் பாறைத் திட்டை நோக்கிப் பாயும் முதல் பத்து நொடிகளில், இடுப்புப் பட்டையில் ராடை ஊன்றி நிற்பதே பெரும்பாடாகிவிடுகிறது. அந்தத் திட்டைத்தான் எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பார் என்பார்கள். அதன் பவளப் பாறையில் ஒருமுறை உரசினால், 45 கிலோ தாங்கும் பிரெய்டு (பின்னல்) லைனும் நூல்போல அறுந்துவிடும்.

அந்தப் பத்து நொடிகளில்தான் படகோட்டியின் அருமை தெரிந்தது. ராமநாதபுரத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் அந்தமானில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் அவர். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அலை எங்கே உடைகிறது என்பவற்றைப் பார்த்து, பாப்பர் எறிகின்ற தொலைவில் படகை நிறுத்துவார். மீன் கவ்விய மறுகணமே எஞ்சினை முடுக்கிப் படகை ஆழப் பக்கமாக விலக்கி, மீனையும் பாரிலிருந்து வெளியே இழுத்துவருவார். "அண்ணே, லைனைத் தளர விடாதீங்க, பாருக்குள்ள பூந்துரும்" என்று அவர் குரல் கொடுப்பதற்குள் படகு திரும்பியிருக்கும். முதல் நாள் நாங்கள் படகில் ஏற்றிய நான்கு மீன்களில் மூன்றையேனும் அவருடைய கணக்கில்தான் எழுத வேண்டும்.

மீனைத் திரும்ப விடுவதிலும் அதே அக்கறை இருந்தது. மும்முனைத் தூண்டில்களைக் கழற்றிவிட்டு, எதிர்முள் நசுக்கிய ஒற்றைத் தூண்டில்களை மட்டுமே பாப்பரில் மாட்ட விட்டார்கள். படகில் ஏற்றிய மீனை நனைத்த மெத்தையில் கிடத்தி, கண்ணை ஈரத் துணியால் மூடி, வாயில் கடல்நீர்க் குழாயை வைத்தார்கள். கரிய முதுகுடன் கிடந்த அந்தப் பாரை தொண்டைக்குள்ளிருந்து உறுமியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அளந்து, படம் எடுத்து, தலை கீழாக நீரில் இறக்கினார்கள். வாலை ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு அது ஆழத்துக்குப் போனதைப் பார்த்தபோது பிடித்த மகிழ்ச்சியைவிட அதிகமான நிறைவு ஏற்பட்டது.

இரண்டாம் நாள் காற்று வலுத்தது. நாங்கள் வற்புறுத்தியும் அவர் தொலைவுக்குப் போக மறுத்துத் தீவுகளின் மறைவிலேயே படகை வைத்திருந்தார். அவர் முடிவே சரி.

குறை மூன்றாம் நாள் நேர்ந்தது. சுமார் 135 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள பேரன் தீவுக்கு இருட்டிலேயே புறப்பட்டோம். இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான அது, 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட கடலாழத்திலிருந்து எழுந்து நிற்பதால், கரையை ஒட்டியே கடல் கிடுகிடுவென ஆழமாகிவிடுகிறது; டாக்டூத் டியூனா என்னும் கூர்ப்பல் சூரை அந்தச் சரிவுகளில் திரிகிறது. 100 மீட்டர் ஆழத்தில் ஜிக் என்னும் 250 கிராம் உலோகப் போலி இரையை இறக்கி இழுத்தபோது முதலில் ஒரு சிறிய சூரை சிக்கியது. அதன் பற்கள் உரசியதில், லைனின் முனையில் கட்டும் தடித்த நூலான லீடர் சொரசொரப்பாகியிருந்ததை விரலால் தடவியே உணர்ந்தேன். மாற்றித் தரக் கேட்டபோது, கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றார் உதவியாளர். அடுத்த இழுப்பு மிகக் கனமானது. மீன் இழுக்கும்போது லைனை இறுக்கத்துடன் விட்டுக்கொடுக்கும் பிரேக்கான ரீலின் டிராக், சீராக விட்டுக்கொடுக்காமல் திக்கித் திக்கி ஓடியது. சற்று நேரத்தில் லீடர் அந்தச் சொரசொரப்பான இடத்திலேயே அறுந்தது. பயணம் முழுவதும் ஏங்கிய மீன் அது. கட்டணத்தில் கருவி வாடகையைத் தனியாக வாங்கும் சேவை, ஒரு சுருள் லீடரைக் கூடுதலாக வைத்திருக்காததை என்னால் ஏற்க முடியவில்லை. கரை திரும்பியதும் உரிமையாளரிடம் இதை நேரிலேயே சொன்னேன். அவர் கருவி வாடகையைத் திருப்பித் தந்தார்.

உணவு எளிமையாகவும் சூடாகவும் இருந்தது. உயிர்காப்பு அங்கிகள் எல்லோருக்கும் இருந்தன. நிழற்கூரை சிறியது என்பதால் முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் அவசியம்.

போக விரும்புவோர் 130 முதல் 200 பவுண்டு வரையிலான லீடரைச் சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள். வாடகை ரீல் என்றால், துறையை விட்டுப் புறப்படும் முன்பே லைனைத் தராசில் கட்டி இழுத்து டிராக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள். முன்பதிவின்போது அந்த ராமநாதபுரத்து இளைஞரையே படகோட்டியாகக் கேளுங்கள்; நாங்கள் அடுத்த ஆண்டுக்கு அவரைத்தான் கேட்டிருக்கிறோம்.