2 மி.கி. நிக்கோடின் கம்: பதினெட்டு நாள் மென்று பார்த்ததில்

சிகரெட்டை விட்டால் எரிச்சல் வரும், வாய் நமநமங்கும், வீட்டில் எல்லோர் மேலும் சிடுசிடுப்பாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தூக்கம் இப்படி அடித்துப் போடும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து என்ட்ரி போடுவது என் வேலை. விட்ட மூன்றாம் நாள், காலை 11 மணி, வெளியே டிரெய்லர் வரிசை கட்டி நிற்கிறது. நான் ஒரே கன்டெய்னர் நம்பரை, நாலு எழுத்து ஏழு இலக்கம்தான், மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தடவை அடிக்கும்போது கண்ணே மூடிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் தட்டி, "இன்னா சார், நைட்டு ஷிப்ட்டா?" என்றார். முந்தின நாள் ஒன்பதரைக்கே படுத்தவன் நான்.

அன்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் இந்த நிக்கோடின் கம் வாங்கினேன், சிகரெட்டில் இருக்கும் அதே நிக்கோடினைப் புகை இல்லாமல் கொடுக்கிற சூயிங்கம். பிராண்டு பேர் வேண்டாம், எல்லாம் ஒரே சங்கதிதான். 2 மி.கி.க்குச் சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு கம் கிட்டத்தட்ட ஒரு சிகரெட் விலை வருகிறது, அதனால் காசு மிச்சம் என்று நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம்.

முதல் நாள் சாதா சூயிங்கம் மாதிரி சவக் சவக்கென்று மென்றேன். ஐந்தே நிமிஷத்தில் தொண்டை எரிச்சல், அப்புறம் விக்கல், மத்தியானம் வரை நிற்காத விக்கல். கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னால் கவுன்டரில் இருந்த அண்ணன் சிரிக்கிறார். "தம்பி, அது மெல்லுறது இல்ல, அதக்குறது." மெதுவாக நாலைந்து கடி, நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுருக்கென்று ஏறும், உடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கினதும் மறுபடி நாலு கடி. இப்படியே அரை மணி நேரம். நிக்கோடின் ஏறுவது வாய்க்குள் இருக்கும் தோல் வழியாக, எச்சிலோடு முழுங்கினால் வயிற்றுக்குப் போய் வீண்தான், விக்கலும் அதனால்தான். டீ, காபி, ஜூஸ் குடித்து 15 நிமிஷம் போன பிறகே வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஏறாது. யார்டுக்குக் கேனில் டீ வரும் நேரமும் தம் நேரமும் பத்து வருஷமாக ஒன்றாக இருந்த எனக்கு இந்த 15 நிமிஷம்தான் பெரிய தண்டனை.

சரி, சோர்வுக்குக் கேட்டதா? தம் அடிக்கணும் என்ற அந்த அரிப்புக்கு நன்றாகவே கேட்டது, பத்துக்கு எட்டு கொடுப்பேன். சோர்வுக்கு நாலு, அவ்வளவுதான். சிகரெட்டில் இழுத்த சில நொடியில் மண்டைக்கு ஏறும், இதயம் வேகமாக அடிக்கும், உடம்பு நிமிரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அப்படி முட்டுக் கொடுத்து நிறுத்தின உடம்பு, அந்த முட்டு போனதும் சாய்கிறது. கம்மில் அதே சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் சாய்வது குறையும், அந்தப் பழைய 'கிக்' வராது. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் அடங்கும் என்கிறார்கள். எனக்குப் பன்னிரண்டாம் நாள்தான் தலை தெளிந்தது.

ஆனால் என் பாதிச் சோர்வுக்குக் காரணம் நானேதான். தூக்கத்தை விரட்ட நாலு டீயை ஏழு டீ ஆக்கியிருந்தேன். பிறகு படித்துத்தான் தெரிந்தது, சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் காஃபினைச் சீக்கிரம் கரைக்க வைக்குமாம். புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும், அதே ஒரு டம்ளர் டீ உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும். கம் இதற்கு உதவாது, ஏனென்றால் அந்த வேலையைச் செய்வது புகை, நிக்கோடின் இல்லை. ஆக ராத்திரி இரண்டு மணிக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், பகலில் தூங்கி வழிவேன். போதாததற்குப் பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது ஒரு கம் வேறு, அதுவும் தூக்கத்தைக் கெடுக்கிற சரக்கு. "ஏங்க, சிகரெட்டை விட்டீங்களா தூக்கத்தை விட்டீங்களா?" என்று வீட்டில் கேட்டாள்.

டீயை இரண்டாகக் குறைத்தேன், மூன்று மணிக்கு மேல் கிடையாது. கடைசி கம் எட்டு மணிக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் கேபினில் நாற்காலியைச் சாய்த்து, போனில் அலாரம் வைத்து 20 நிமிஷம். சாயங்காலம் மெட்ரோவில் தண்டையார்பேட்டை வரை வராமல் புதுவண்ணாரப்பேட்டையிலேயே இறங்கி நடை. முதல் இரண்டு நாள் அந்த நடை கால் இழுத்துக்கொண்டுதான் போனது, வழியில் பெட்டிக்கடைகளும் சும்மா இருக்கவில்லை, ஆனாலும் நடந்த அன்றைக்குத் தூக்கம் வந்தது. இந்த நாலும் சேர்ந்து செய்ததைக் கம் தனியாகச் செய்யவில்லை.

சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 இலவச நம்பருக்கும் ஒரு நாள் போட்டேன். தமிழிலேயே பேசினார்கள், திட்டவில்லை, அதுவே பெரிசு. இதய நோய் இருக்கிறவர்கள், மாசமாக இருக்கிறவர்கள் கம் வாங்கும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மாதம் தாண்டியும் சோர்வு போகவில்லை என்றால் அதைச் சிகரெட் கணக்கில் எழுதாமல் போய்க் காட்டுங்கள், ரத்தசோகையாகவும் இருக்கலாம்.

சுவையில் மின்ட் பரவாயில்லை. பான் சுவை வாங்காதீர்கள், நாள் முழுக்கக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்த வாய்தான். அட்டையின் பின்பக்கத் தாள் வேறு நகத்துக்குப் பிரியாது. கேட்டில் லாரி நிற்கும்போது ஒரு கம்மை வெளியே எடுப்பதற்குள் இரண்டு ஹாரன் விழுகிறது, அதனால் காலையிலேயே நாலைப் பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு போகிறேன்.