வாட்டர்லூ: மேலே ஏறினால் தெரியாத மேடு

பெல்ஜியத்திலுள்ள வாட்டர்லூ போர்க்களத்துக்குக் கிளம்புபவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் ரயிலில்தான். பிரஸ்ஸல்ஸிலிருந்து தெற்கே போகும் தடத்தில் வாட்டர்லூ என்றே ஒரு நிலையம் வரும். பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தங்கியிருந்த ஊர்தான் கிடைக்கும். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனின் பிரெஞ்சுப் படையோடு அவர் மோதிய சண்டை நடந்த வயல் அங்கிருந்து தெற்கே நாலைந்து கிலோமீட்டர். வெலிங்டன் லண்டனுக்கு அனுப்பிய வெற்றி அறிக்கையின் தலைப்பில் வாட்டர்லூ என்று ஊர்ப்பெயர் இருந்தது, அதுவே போருக்கும் ஒட்டிக்கொண்டது. நீங்கள் இறங்க வேண்டியது அடுத்து வரும் பிரேன்-லாலு. பிரஸ்ஸல்ஸ் நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் இதே ஊரை டச்சுப் பெயரில் எய்கன்பிராக்கல் என்றும் போடுவார்கள். இரண்டு பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியபின் களத்துக்கு அரை மணி நடை.

பணம் கொடுத்துப் பார்ப்பவற்றில், வெலிங்டனின் ஆட்கள் அன்று காத்துநின்ற ஊகுமோன் பண்ணை முதல் தரம். நிலத்தடி அருங்காட்சியகம் நன்று. வட்ட ஓவியம் பழைய காலத்து அருமை. சிங்கக் குன்று சுமார். ஆனால் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் தரையின் ஏற்ற இறக்கம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அதைப் பார்க்காமலே நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

எல்லோரும் முதலில் ஓடுவது சிங்கக் குன்றுக்கு. தன் மகன் காயம்பட்ட இடம் என்று நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் எழுப்பச் சொன்னது, 1826இல் முடிந்தது. 40 மீட்டருக்கு மேல் உயரம், 226 படி, ஒரே நேர்ப் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. ஏறுபவர், இறங்குபவர் இருவருக்கும் அதே வழிதான். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். 28 டன் வார்ப்பிரும்புச் சிங்கம் பிரான்ஸ் இருக்கும் திசையை முறைத்தபடி நிற்கிறது. களத்தின் வரைபடம் உள்ள பலகை ஒன்று உண்டு, எந்தப் பண்ணை எந்தப் பக்கம் என்று அதை வைத்து மனதில் ஏற்றிக்கொள்ளலாம்.

அதற்கு மேல் அங்கே எதிர்பார்க்காதீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் களம் முழுக்கத் தட்டை வயலாகத் தெரியும். வெலிங்டனைக் காப்பாற்றியதோ தட்டையில்லாத அந்தத் தரைதான். போதாக்குறைக்கு, குன்றைக் கொட்ட எடுத்த ஏறத்தாழ 3 லட்சம் கன மீட்டர் மண்ணை வெலிங்டன் நின்ற அதே முகட்டிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியதை வெட்டி, அதைப் பார்ப்பதற்கு மேடை கட்டிய கதை. பின்னாளில் வந்த வெலிங்டன் என் களத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று நொந்துகொண்டதாக ஒரு பேச்சு உண்டு. உண்மையோ இல்லையோ, நியாயமான பேச்சு.

குன்றின் அடியில் 2015இல், இருநூறாம் ஆண்டையொட்டித் திறந்த நிலத்தடி அருங்காட்சியகம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கி நெப்போலியனின் வீழ்ச்சிவரை வரிசையாகக் கூட்டிப்போகிறார்கள். அரும்பொருள்களைவிடக் காட்சியமைப்புக்குத்தான் இங்கே இடம் அதிகம், பழைய ஆயுதங்களை அலமாரி அலமாரியாகப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். சீருடை பொம்மைகளின் அணிவகுப்பை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். எந்தப் படை எந்த நிறம், யார் தொப்பி எப்படி என்று இங்கே பார்த்துவைத்தால்தான் பிறகு ஓவியத்தில் ஆட்களைப் பிரித்தறிய முடியும். முப்பரிமாணப் படம் ஒன்று ஓட்டுகிறார்கள். சத்தமும் ரத்தமும் தூக்கல், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். 2012இல் குன்றின் அருகே தோண்டியபோது கிடைத்த ஒரு படைவீரனின் எலும்புக்கூடு இங்கேதான் இருக்கிறது. வளைந்த முதுகெலும்பு, விலாப் பகுதியில் குண்டு. இதைக் காட்சிக்கு வைக்கலாமா என்ற சண்டை வேறு நடந்தது. நம் கட்சி, புதைத்திருக்க வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் வட்டக் கட்டடத்தில் 1912இல் லூயி துமூலின் குழுவினர் தீட்டிய ஓவியம். சுற்றளவு 110 மீட்டர், உயரம் 12 மீட்டர். நடு மேடையில் நின்றால் மாலை 4 மணிவாக்கில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே அனுப்பிய பிரெஞ்சுக் குதிரைப்படை நாலாபக்கமும் பாய்ந்து வருவது போலிருக்கும். ஓவியத் துணிக்கு முன்னால் உண்மையான மண், முறிந்த வேலி, விழுந்து கிடக்கும் பொம்மைக் குதிரைகள். தரை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். சாயம் மங்கித்தான் இருக்கிறது, இருந்தாலும் கீழே ஓடும் முப்பரிமாணப் படத்தைவிட இது மேல்.

இனி நடை. குன்றடியிலிருந்து தென்மேற்கே ஊகுமோன் நோக்கி ஒரு வண்டிப்பாதை போகிறது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர், 20 நிமிடம். வெலிங்டனின் வலப்பக்கப் படை இந்தப் பாதையை ஒட்டித்தான் நின்றது. நின்றது என்பதுகூடச் சரியில்லை, பாதைக்கு வடக்கே சரியும் பின்சரிவில் படுத்துக் கிடந்தது. இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் போதும். ஒருவர் பாதையின் தென்புறத்தில், சரிவில் கொஞ்சம் கீழே நிற்கட்டும். மற்றவர், நடக்க வழி உள்ள இடமாகப் பார்த்து, முகட்டைத் தாண்டி வடக்கே இறங்கட்டும். முதலில் கால் மறையும், பிறகு இடுப்பு, கடைசியில் தலை. பிரெஞ்சுப் பீரங்கிப் படை பகல் முழுக்கச் சுட்டும் எதிரியின் காலாட்படையைக் கண்ணாலேயே பார்க்க முடியாமல் போனது இதனால்தான். பின்வாங்குகிறார்கள் என்று நம்பிக் குதிரைப்படை மேலேறி வந்தது, முகட்டைத் தாண்டியதும் எதிரே துப்பாக்கி முனைக் கத்திகளோடு சதுர அணிகள். ஓவியத்தில் பார்த்தது இந்த இடம்தான்.

ஊகுமோனுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். எரிந்த மாளிகை போக எஞ்சிய பண்ணையைப் பழுதுபார்த்து 2015இல் திறந்தார்கள். பெரிய களஞ்சியத்தில் ஒளி-ஒலிக் காட்சி நடக்கிறது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் முதலில் போக வேண்டியது பண்ணைக்கு வெளியே, தென்புறம். தோட்டத்துச் செங்கல் மதிலில் சுடுதுளைகள் இன்னும் இருக்கின்றன. மதிலுக்கு முன்னால் இப்போது திறந்த வெளி, அதனால் பார்க்கிறவருக்குக் குழப்பம்: இப்படி நட்டநடு வெளியில் ஏன் நடந்து வந்து செத்தார்கள்? அன்று அங்கே ஒரு காடு இருந்தது. அந்த மறைப்பிலேயே பிரெஞ்சுப் படை வந்தது, மரங்கள் முடிந்து சுமார் 30 மீட்டர் வெட்டவெளிக்கு அப்பால் திடீரென்று மதில். காட்டைப் பிறகு வெட்டிவிட்டார்கள். அன்றைய மரங்களில் மிச்சம், தெற்கு வாசலுக்கு எதிரே உள்ள மூன்று கஷ்கொட்டை மரங்கள். பட்டுப்போன அடிமரத்தில் குண்டு துளைத்த ஓட்டைகளைத் தேடினால் கிடைக்கும்.

வடக்கு வாசல்தான் பெயர்பெற்றது. கோடரியால் உடைத்துக்கொண்டு பிரெஞ்சுப் படையினர் சிலர் உள்ளே நுழைந்ததும், பண்ணையைக் காத்த பிரிட்டிஷ் அதிகாரி மெக்டோனலும் அவர் ஆட்களும் தோள் கொடுத்துக் கதவை மறுபடி சாத்தினார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் பிழைத்தது முரசு அடிக்கும் பையன் ஒருவன்தான் என்பார்கள். சின்னத் தேவாலயத்தில் ஒரு மரச் சிலுவை உண்டு. மாளிகையைத் தின்ற தீ சிலுவையின் பாதத்தோடு நின்றுவிட்டது. அதை 2011இல் திருடிவிட்டார்கள், 2014இல் மீட்டார்கள்.

இரண்டு இடைஞ்சல். ஒன்று மண். வண்டல் மாவு போன்ற தரை, மழை பெய்தால் காலணியில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனம் கூடும். இதே சேறு காய வேண்டும் என்றுதான் நெப்போலியன் அன்று முற்பகல்வரை காத்திருந்தார். பீரங்கியை நகர்த்த முடியவில்லை, இரும்புக் குண்டும் தரையில் பட்டுத் தெறிக்காமல் புதைந்துபோனது. அவர் காத்த அந்த நேரத்தில் வெலிங்டனின் கூட்டாளியான பிரஷ்யப் படை நெருங்கி வந்தது. மற்றது பயிர். வயல்கள் தனியார் சொத்து, உள்ளே இறங்கக்கூடாது. சோளம் ஆளுயரம் வளரும் கோடைக் கடைசியில் பாதையிலிருந்து எதுவுமே தெரியாது. வசந்த காலமோ, அறுவடை முடிந்த பிறகோ போவது உத்தமம்.

திரும்பி வந்து கிழக்கே நாற்சந்திக்குப் போங்கள். பிரஸ்ஸல்ஸ்–ஷார்லெரோவா நெடுஞ்சாலை களத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது, கார்கள் பறக்கும், ஓரமும் குறுகல். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையோரத்து வெள்ளைப் பண்ணைதான் லா ஹே சாந்த். வெலிங்டன் பக்கம் நின்ற மேஜர் பாரிங்கின் ஜெர்மன் வீரர்கள் சுமார் 400 பேர் மாலைவரை பிடித்துவைத்திருந்தார்கள், தோட்டா தீர்ந்துதான் விட்டுக்கொடுத்தார்கள். தனியார் வீடு, சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. தெரியாமல் கதவைத் தட்டாதீர்கள். போருக்கு முந்தைய இரவு நெப்போலியன் தங்கிய வீடு இதே சாலையில் இன்னும் தெற்கே. இந்தக் களத்தோடு அதுவும் வாட்டர்லூ ஊரிலுள்ள வெலிங்டன் அருங்காட்சியகமும் சேர்ந்த கூட்டுச்சீட்டுதான் பாஸ் 1815. ஒரே நாளில் மூன்றையும் கால்நடையாக முடிப்பது நடக்காது, வண்டி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நாற்சந்தியை ஒட்டி, அலெக்சாண்டர் கார்டன் என்ற அதிகாரிக்கு 1817இல் வைத்த தூண் இருக்கிறது. பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தூண் ஒரு சின்னத் திட்டின்மேல் நிற்பது போலிருக்கும், படியேறித்தான் அடிப்பீடத்துக்குப் போக வேண்டும். உண்மையில் அது திட்டு இல்லை. தூண் வைத்தபோது தரையே அந்த உயரத்தில்தான் இருந்தது. சுற்றியிருந்த மண்ணைக் குன்றுக்காக அள்ளிக்கொண்டு போனதில் இது மட்டும் தப்பியது. பீடத்தருகே நின்று கீழே சாலையைப் பாருங்கள். 1815இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏறிவர வேண்டியிருந்த உயரத்தில் காணாமல் போன பங்கு அவ்வளவு. சிங்கக் குன்றின் படிகளை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.