அழுத்தக் கட்டு வாங்குமுன் கணுக்காலைக் கவனியுங்கள்

சிரைப் புண்ணுக்கும் கால் வீக்கத்துக்கும் போடும் அழுத்தக் கட்டை, எத்தனை அழுத்தம் தரும் என்பதை வைத்தே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டியபின் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாதம் மேலும் கீழும் அசைந்தால்தான் கெண்டைச் சதை சுருங்கி, சிரையில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். மூட்டு மரக்கட்டையாக நின்றால் கட்டின் பாதி வேலை போச்சு.

நான்கடுக்குக் கட்டு: பஞ்சு, கிரேப், எலாஸ்டிக், தன்மேல் தானே ஒட்டும் மேலுறை. சரியாகச் சுற்றினால் கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் நிற்கும். புண் ஆற நல்ல கட்டுதான். ஆனால் பருமன் அதிகம். பாதத்தை மேலே தூக்கும்போது முன்பக்கத்தில் முட்டும். வழக்கமான செருப்பும் நுழையாது, அதனாலேயே நடை குறையும். இந்த விஷயத்தில் இரண்டே அடுக்குள்ள கட்டு எவ்வளவோ தேவலை.

ஷார்ட் ஸ்ட்ரெச் என்ற வகைக் கட்டுத்துணி அதிகம் இழுபடாது. படுத்திருக்கையில் அழுத்தம் குறைவு, நடக்கையில் அதிகம். ஆக, நடப்பவருக்குத்தான் முழுப்பலன். முதல் சில நாளில் வீக்கம் வடிந்ததும் தொளதொளத்துச் சரியும், அவிழ்த்துத் திரும்பச் சுற்றியாக வேண்டும். நன்றாக இழுபடும் எலாஸ்டிக்கில் மூட்டு தாராளமாக அசையும். ஆனால் படுத்தாலும் அதன் பிடி தளராது, இரவில் கழற்ற வேண்டும்.

எந்த வகையானாலும், கெடுவது பெரும்பாலும் சுற்றும் நேரத்தில்தான். படுத்திருப்பவரின் பாதம் முன்னோக்கித் தொங்கும். அப்படியே சுற்றிவிட்டால், எழுந்து நின்றதும் கணுக்காலின் முன் மடிப்பில் துணி சுருண்டு தசைநாணின்மேல் அறுக்கும். சிவந்த கோடு, பிறகு கொப்புளம். பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தி, விரல்களின் அடியில் தொடங்குங்கள். 10 செ.மீ. அகலத் துணியென்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் 5 செ.மீ. மூடட்டும். குதிகாலைத் திறந்து விடாதீர்கள், அங்கே வீக்கம் பிதுங்கும். மெலிந்த கணுக்காலில் அதே இழுப்புக்கு அழுத்தம் கூடும் என்பதால், எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சைக் கூட்டுங்கள்.

கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் (கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்ததால் வகுத்து வரும் எண்) 0.8-க்குக் கீழே இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முழு அழுத்தக் கட்டு வேண்டாம்.

கட்டுமுன் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி, பெருவிரல் எவ்வளவு எழும்புகிறது என்று ஸ்கேலில் அளந்து வையுங்கள். கட்டியபின் மறுபடி அளங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் முன்மடிப்பில் சுற்று கூடிவிட்டது; அவிழ்த்துச் சுற்றுங்கள்.