ஹா லாங்கா, காம் ஃபாவா?

வியட்நாமின் குவாங் நின் மாகாணக் கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்த இரு நிலக்கரி ஊர்களுள், 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற விரிகுடாவும், நிலக்கரியை நினைவூட்டும் கறுப்புக் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட அருங்காட்சியகமும் ஹா லாங்குக்கு உரியவை; விடுதிகளும் சுற்றுலாப் படகுகளும் அங்கேதான் மிகுதி.

ஆயினும், ஓர் ஊரின் உழைப்பையும் அழகையும் ஒருசேரக் காண விழைவோருக்கு நான் பரிந்துரைப்பது காம் ஃபாவையே. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியரை முறியடித்த தளபதி டிரான் ஹுங் தாவோவின் மகனைத் தெய்வமாகப் போற்றும் குவா ஓங் கோயில், சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் நிறைந்த பாய் து லாங் விரிகுடாவை நோக்கி அங்கே நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1936 நவம்பரில், சுரங்கத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டதும் அம்மண்ணில்தான். களைப்பாற விரும்புவோருக்குக் குவாங் ஹான் வெந்நீர் ஊற்றுகளும் உண்டு.